ஜெபம் வரல, அடுத்து என்னன்னும் தெரியலன்னா இங்கருந்து ஆரம்பிங்க

முழங்கால் போட்டா வார்த்தை வராது. வேதத்தைத் திறந்தா ஒரே வசனத்தை நாலு தடவை படிச்சும் மண்டைல ஏறாது. ஆராதனைல பக்கத்துல நிக்கறவங்க கண்ணு கலங்கிப் பாடிட்டு இருப்பாங்க, நமக்கு எப்ப முடியும்னு இருக்கும். வேலை போனது, வீட்டுல ஒரு சாவு, உடைஞ்ச கல்யாணம், தீராத வியாதின்னு காரணம் ஆளுக்கு ஒண்ணு. எனக்கு அப்பா போனதும் வேலை போனதும் ஒரே வருஷத்துல, அதுக்கப்புறம் ஒன்றரை வருஷம் இப்படித்தான் கிடந்தேன், அப்ப கிடைச்ச அட்வைஸ்ல முக்கால்வாசி "இன்னும் அதிகமா ஜெபிங்க, இன்னும் விசுவாசிங்க"தான். எந்திரிக்கவே முடியாதவன்கிட்ட ஓடச் சொன்னா எப்படி? அதனால எனக்கு உதவுனதை மட்டும், உதவுன வரிசைலயே எழுதறேன்.

முதல்ல சாப்பாடும் தூக்கமும்

1 இராஜாக்கள் 19-ஐ எடுத்துக்கங்க. எலியா தீர்க்கதரிசி கர்மேல் மலைல பெரிய வெற்றி பார்த்துட்டு வந்த ஆளு, ஆனா ராணி யேசபேல் கொன்னுடுவேன்னு சொல்லி அனுப்பினதும் உயிருக்குப் பயந்து ஓடறாரு, பெயெர்செபால வேலைக்காரனையும் விட்டுட்டு வனாந்தரத்துக்குள்ள தனியா ஒரு நாள் தூரம் நடந்து ஒரு சூரைச்செடி கீழ உக்காந்து "போதும் கர்த்தாவே"ன்னு சாவைக் கேக்கறாரு. அப்புறம் படுத்துத் தூங்கிடறாரு. தேவதூதன் வந்து என்ன பண்றான்? பிரசங்கம் பண்ணல, ஏன்டா விசுவாசம் இல்லைன்னு கேக்கல. தழல்ல சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணியும் வச்சு, தட்டி எழுப்பி "எந்திரிச்சு சாப்பிடு"ங்கறான். சாப்பிட்டு மறுபடி படுத்துக்கறாரு. ரெண்டாவது தடவையும் வந்து, நீ போக வேண்டிய தூரம் ரொம்ப, சாப்பிடுங்கறான். தேவனோட பேச்சே அதுக்கப்புறம் 40 நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போன பிறகுதான்.

நாம தலைகீழா பண்றோம். தூங்காம ராத்திரி முழுக்க போன்ல பிரசங்கமா கேட்டுட்டு, சோறு இறங்காம இருக்கறதை உபவாசம்னு பேர் மாத்திக்கிட்டு, ஏன் இன்னும் சமாதானம் வரலன்னு யோசிக்கிறோம். சோர்வுல இருக்கப்ப நீண்ட உபவாசம் வேண்டாம், அது என் கருத்து. ஒரு ரெண்டு வாரம் வேளைக்குச் சாப்பிடுங்க, ஒரே நேரத்துல படுங்க, தினமும் கொஞ்சம் வெளியில நடங்க, இதையே ஜெபமா நினைச்சுக்கங்க.

இங்க ஒண்ணு சொல்லியே ஆகணும். வாரக்கணக்குல தூக்கம் வரல, எதுலயும் பிடிப்பு இல்ல, செத்துடலாம்னு யோசனை வருதுன்னா டாக்டரைப் பாருங்க, சாவு யோசனைன்னா இன்னைக்கே பாருங்க, வீட்டுல ஒருத்தர்கிட்ட வாய் விட்டுச் சொல்லி அவங்களைக் கூடவே வச்சுக்கங்க. மாத்திரை சாப்பிடறது விசுவாசக் குறைச்சல்னு யாராவது சொன்னா, கொலோசெயர் நிருபத்துல பவுல் லூக்காவை "பிரியமான வைத்தியன்"னுதான் எழுதறாருன்னு ஞாபகப்படுத்துங்க.

புலம்பக் கத்துக்கணும்

இது எனக்குத் தெரியாமலே இருந்துச்சு. ஜெபம்னா ஸ்தோத்திரத்துல ஆரம்பிக்கணும்னுதான் சின்ன வயசுலருந்து பழக்கம், அதனால ஸ்தோத்திரம் வராத அன்னைக்கு ஜெபமே வராது. ஆனா வேதத்துல இருக்கற 150 சங்கீதத்துல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு புலம்பல். அதாவது தேவனுக்கு முன்னாடி அழறதும் கேள்வி கேக்கறதும் கோவப்படறதும் ஆராதனைப் புத்தகத்துக்குள்ளயே இருக்கு, யாரும் வெட்டி எடுக்கல.

பழகறதுக்கு 13-ம் சங்கீதம் நல்லது, ஆறே வசனம். முதல் ரெண்டு வசனத்துல "எதுவரைக்கும்"னு திரும்பத் திரும்பக் கேள்வி, "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்"னு நேருக்கு நேர். அடுத்த ரெண்டுல, என்னைப் பாரும், எனக்குப் பதில் சொல்லும்னு கேக்கறது. கடைசி ரெண்டுல, ஆனாலும் உம்ம கிருபையை நம்பறேன்னு முடிக்கறது. ஒரு நோட்டை எடுத்து இதே மாதிரி நீங்க எழுதுங்க. முதல்ல கேள்வி, அழகா எழுதாதீங்க, மனசுல எப்படி இருக்கோ அப்படியே, "ஏன் எங்க வீட்டுக்கு மட்டும்"னா அதையே. அப்புறம் இன்னைக்கு வேணுங்கறது ஒண்ணே ஒண்ணு. வாழ்க்கை மொத்தத்துக்கும் கேக்க வேண்டாம், நாளைக்கு அந்த ஆபீஸுக்குப் போக தைரியம் வேணும்னா அது போதும். மூணாவது பகுதி வந்தா எழுதுங்க, வரலன்னா விட்டுடுங்க. 88-ம் சங்கீதம் அப்படித்தான் இருளைப் பத்தி பேசியே முடிஞ்சுடுது, கடைசில வெளிச்சமே இல்ல, இருந்தும் அது வேதத்துல இருக்கு. நான் முதல் மூணு வாரம் வெறும் கேள்வியாத்தான் எழுதினேன்.

வார்த்தையே இல்லாத நாளும் வரும். அன்னைக்கு வேதத்துலருந்து வார்த்தையைக் கடன் வாங்குங்க. இயேசுவே சிலுவைல 22-ம் சங்கீதத்தோட முதல் வரியைத்தான், "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்"னு சொல்லிக் கதறினாரு. பிடிபடறதுக்கு முன்னாடி கெத்செமனேல மூணாந்தரமும் அதே வார்த்தைகளைச் சொல்லி ஜெபம் பண்ணாருன்னு மத்தேயு எழுதறாரு, அதனால சொன்னதையே சொல்றோமேன்னு வெக்கப்பட ஒண்ணுமில்ல. கர்த்தருடைய ஜெபம் ஒரு தடவை, மெதுவா, அவ்வளவு போதும். அதுவும் முடியலன்னா சும்மா உக்காருங்க, நமக்கு வேண்டிக்கத் தெரியாதப்ப ஆவியானவர் பெருமூச்சோட வேண்டுதல் செய்யறாருன்னு ரோமர் 8:26 சொல்லுதே, அதை அப்படியே நம்பிப் பத்து நிமிஷம் உக்காருங்க.

வசனத்தைத் துண்டா எடுக்காதீங்க

வாக்குத்தத்த கார்டுல அதிகமா பார்க்கற வசனம் எரேமியா 29:11-ஆத்தான் இருக்கும், தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகள்னு வருமே அது. எனக்கு வேலை போன வாரத்துல மட்டும் அஞ்சு பேர் மெசேஜ்ல அனுப்பினாங்க, ஒரு மாசத்துல வேலை வந்துடும்னு நானும் நம்பினேன், வரல, அப்புறம் அந்த வசனத்தைப் பார்த்தாலே எரிச்சல். ரொம்ப நாள் கழிச்சுத்தான் மேல இருக்கற வசனங்களைப் படிச்சேன். அது பாபிலோனுக்குச் சிறையிருப்புக்குக் கொண்டு போகப்பட்டவங்களுக்கு எழுதின கடிதம், திரும்பி வர 70 வருஷம் ஆகும்னு முந்தின வசனத்துலயே இருக்கு! அதுவரைக்கும் என்ன பண்றதுன்னா, வீடு கட்டுங்க, தோட்டம் போட்டு அதோட கனியைச் சாப்பிடுங்க, கல்யாணம் பண்ணுங்க, நீங்க இருக்கற பட்டணத்தோட சமாதானத்துக்காக ஜெபிங்கன்னு வருது. கஷ்டம் சீக்கிரம் தீரும்ங்கற ஆறுதல் அதுல இல்ல, தீராத நாள்லயும் வாழ ஒரு வேலை இருக்குங்கற ஆறுதல் இருக்கு, எனக்கு அது பெரிசாப் பட்டுச்சு.

அதனால அதிகமா படிக்கணும்னு பிளான் போடாம ஒரே பகுதியை முழுசா ஒரு வாரம் வச்சுப் படிங்க. லூக்கா 24-ல எம்மாவுக்கு நடந்து போன ரெண்டு பேர், யோவான் 21-ல பேதுரு, புலம்பல் 3-ம் அதிகாரம், 2 கொரிந்தியர் 1-ம் அதிகாரம், இதெல்லாம் ஆரம்பிக்க நல்லது.

யார்கிட்ட பேசறது

எல்லாத்தையும் இழந்து கிடந்த யோபுவோட சிநேகிதர்கள் ஏழு நாள் பேசாம தரையில கூட உக்காந்தாங்க, அதுவரைக்கும் நல்லாத்தான் இருந்தாங்க, வாயைத் திறந்ததும்தான் பிரச்சனை. பதில் சொல்லாமக் கேக்கத் தெரிஞ்ச ஒரே ஒருத்தரைத் தேடுங்க. பாஸ்டரா இருக்கணும்னு அவசியமில்ல, சபைல பின் பெஞ்ச்ல உக்கார்ற ஒரு பாட்டியா இருக்கலாம், எனக்கு அப்படித்தான் அமைஞ்சுது. வாரத்துல ஒரு நாள் நேரம் குறிச்சுக்கங்க, இல்லன்னா தள்ளிப் போய்ட்டே இருக்கும். பாவம் பண்ணதாலதான் இப்படின்னு உடனே தீர்ப்பு சொல்றவங்ககிட்ட யோவான் 9:3-ஐ (பிறவிக் குருடனைப் பத்தி, இவனும் பாவம் பண்ணல, பெத்தவங்களும் பண்ணலன்னு இயேசு சொன்னது) காட்டிட்டு நகர்ந்துடுங்க. "காணிக்கை அனுப்புங்க, இத்தனை நாள்ல அற்புதம் நடக்கும்"னு தேதி குறிக்கறவங்ககிட்ட அது கூட வேண்டாம், சும்மா நகர்ந்துடுங்க.

இந்த நேரத்துல பெரிய முடிவு எடுக்கறதைப் பத்தி 500 வருஷப் பழைய ஒரு அட்வைஸ் இருக்கு. 1521-ல பம்ப்லோனால பீரங்கிக் குண்டு பட்டு கால் உடைஞ்சு மாசக்கணக்கா படுத்திருந்த லொயோலா இஞ்ஞாசியார் (பின்னாடி இயேசு சபையைத் தொடங்கினவர்), அந்தப் படுக்கைல தன் மனசுல வர்ற நினைப்புகளைக் கவனிச்சுப் பழகினவரு. மனசு வறண்டு இருக்கப்ப, நல்லா இருந்தப்ப எடுத்த முடிவை மாத்தாதேன்னு அவர் சொல்லிட்டுப் போனாரு. சபையை விட்டுடலாம், ஊரை விட்டுப் போய்டலாம், உறவை முறிச்சுக்கலாம்னு தோணுறப்ப இதை நினைச்சுக்கங்க (அடி உதை இருக்கற வீடுன்னா இது பொருந்தாது, அங்கருந்து உடனே வெளிய வாங்க).

அழைப்பு, நோக்கம் இதெல்லாம்

மறுபடி எலியாகிட்ட வர்றேன். ஓரேப்ல "இங்கே உனக்கு என்ன காரியம்"னு தேவன் கேக்கறாரு, எலியா புலம்பறாரு, நான் ஒருத்தன்தான் மிச்சம்னு. காத்து, பூமியதிர்ச்சி, அக்கினி, அப்புறம் அமர்ந்த மெல்லிய சத்தம். பிரசங்கம் எல்லாம் வழக்கமா இங்க நின்னுடும். ஆனா அந்தச் சத்தத்துக்கு அப்புறம் அதே கேள்வி மறுபடி வருது, எலியா அதே பதிலை வார்த்தை மாறாம மறுபடி சொல்றாரு. அனுபவம் கிடைச்சும் அவர் மனசு மாறுன மாதிரி தெரியல! அப்படி இருந்தும் தேவன் வேலை குடுத்து அனுப்பறாரு, மூணு பேரை அபிஷேகம் பண்ணுன்னு, கூடவே உன்னை மாதிரி 7000 பேர் இருக்காங்கன்னும் சொல்றாரு. அந்த மூணுல எலியா கையால நடந்தது எலிசாவைக் கூப்பிட்டது மட்டும்தான். மத்த ரெண்டு பேர், ராஜாவாகப் போற ஆசகேல், யெகூ விஷயம் அவர் காலத்துக்கு அப்புறம் எலிசா மூலமா நடந்துச்சு.

அதனால மனசு சரியானதும் நோக்கத்தைத் தேடலாம்னு காத்திருக்காதீங்க, மொத்த பிளானும் தெரியணும்னும் எதிர்பார்க்காதீங்க. 2 கொரிந்தியர் 1:4-ல பவுல், நமக்குக் கிடைச்ச ஆறுதலால மத்தவங்களை ஆறுதல்படுத்தறதுக்குன்னு எழுதறாரு, உயிர் பிழைப்போம்ங்கற நம்பிக்கையே போச்சுன்னு அதே அதிகாரத்துல ஒத்துக்கிட்டு. அப்ப கேள்வி ரொம்பச் சின்னது: நான் பட்ட இதே கஷ்டத்தை இப்ப யார் படறாங்க? ஒரு பேரை எழுதுங்க. இந்த வாரம் அவங்களுக்கு ஒரு போன், இல்ல கூட ஆஸ்பத்திரிக்குப் போறது, இல்ல ஒரு ஃபார்ம் நிரப்பிக் குடுக்கறது. எனக்கு வேலை தேடின அனுபவம்தான் இருந்துச்சு, அதனால சபைல வேலை போன ரெண்டு பசங்களுக்கு ரெஸ்யூமே திருத்திக் குடுத்தேன். அழைப்புன்னு அதுக்குப் பேர் வைக்கவே தோணல.

எல்லாம் பண்ணியும் உள்ள ஒண்ணும் உணரலன்னா தப்பு பண்றோம்னு அர்த்தமில்ல. அன்னை தெரசாவோட கடிதங்கள் 2007-ல வெளிய வந்தப்ப, பல பத்து வருஷம் தேவனோட சமுகத்தையே உணராம ஜெபிச்சும் வேலை செஞ்சும் இருந்தாங்கன்னு தெரிஞ்சுது.

தினமும் படுக்கறதுக்கு முன்னாடி நோட்டுல ஒரு வரி மட்டும் எழுதுங்க, இன்னைக்கு எங்க கிருபை தெரிஞ்சுதுன்னு. தெரியலன்னா தெரியலன்னே எழுதுங்க. மாசம் ஒரு தடவை திரும்பப் படிங்க. என் நோட்டுல முதல் மாசம் பூரா "தெரியல, தெரியல"தான், நடுவுல ஒரு நாள் மட்டும் "நல்லா தூங்கினேன்"னு இருக்கு.