மட்டக்களப்பில் ஹிப்ஹொப் பழகுவது எப்படி: பதினாறு கட்டத்திலிருந்து தொடங்குங்கள்

கம்பஸுக்கு வந்த கையோடு ஹிப்ஹொப் பக்கம் சாய்கிற பிள்ளைகள் முதலில் வாங்குவது தொப்பியும் தொளதொள டீசேர்ட்டும்தான். போடுங்கள், தடையில்லை. ஆனால் அந்தக் காசில் கொஞ்சத்தை மிச்சம் பிடித்து வயர் உள்ள ஹெட்போன் ஒன்றும் கட்டம் போட்ட கொப்பி ஒன்றும் வாங்குங்கள். ஆடும்போது தரையில் விரிக்க, பிரிட்ஜ் வந்த மட்டைப் பெட்டியைக் கடையில் கேட்டால் சும்மாவே தருவார்கள். தொடங்குவதற்கு வேறெதுவும் தேவையில்லை.

ஹிப்ஹொப்பில் நான்கு கூறுகள் உண்டு. டீஜே (பாட்டுப் போடுவது), எம்சி (நாங்கள் றப் என்பது இதைத்தான்), பிறேக்கிங் (ஆட்டம்), கிராஃபிட்டி (சுவரில் எழுத்து வரைவது). அறிவை, அதாவது இது எங்கிருந்து வந்தது, யாருடையது என்று தெரிந்திருப்பதை, ஐந்தாவதாகச் சேர்ப்பார்கள். இந்த ஐந்தாவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1973 ஓகஸ்ட் 11, நியூயோர்க் பிரொங்ஸில் 1520 செட்விக் அவெனியூ என்ற அடுக்குமாடியில் சிண்டி காம்பெல் என்ற பெண் பள்ளிக்கூட உடுப்புக்குக் காசு சேர்க்க ஒரு பார்ட்டி வைத்தார். பாட்டுப் போட்டவர் அவருடைய அண்ணன், ஜமேக்காவில் பிறந்த கூல் ஹேர்க். பாட்டில் மற்றதெல்லாம் அடங்கி ட்ரம்ஸ் மட்டும் அடிக்கிற சில செக்கன்களில்தான் சனம் துள்ளி ஆடுகிறது என்பதைக் கண்டுகொண்டவர் அவர். ஒரே இசைத்தட்டில் இரண்டு பிரதி வைத்து, அந்தத் துண்டை மாறி மாறி ஓட்டி நீட்டினார். அந்தத் துண்டுக்குப் பெயர் பிறேக். அதில் ஆடினவர்கள் பீ-போய், பீ-கேர்ள். அதன் மேல் மைக்கில் பேசினவர் எம்சி. வறுமையும் இனவெறியும் நெரித்த கறுப்பின, போர்ட்டோரிக்கப் பிள்ளைகள் கட்டிய கலை இது. அவர்கள் தங்களுக்குள் சொல்லும் சில சொற்களை நாம் வாயில் எடுக்கக் கூடாது என்பதும் இந்த அறிவில் அடங்கும்.

பாடினாலும் ஆடினாலும் பாட்டுப் போட்டாலும், எண்ணத் தெரியாவிட்டால் ஒன்றும் சரிவராது. அதனால் முதல் இரண்டு கிழமையும் எண்ணுவதற்கே.

பழைய பாணி பீட் (றப்புக்கு அடியில் ஓடும் தாள இசை) ஒன்று எடுங்கள், நிமிடத்துக்கு 90 தாள அடி. நான்கு அடி சேர்ந்தால் ஒரு பார். 90இல் ஒரு பார் ஏறத்தாழ 2.7 செக்கன். ஒவ்வோர் அடியையும் நாலாகப் பிரித்தால் ஒரு பாருக்குப் பதினாறு கட்டம். கொப்பியில் ஒரு வரிக்குப் பதினாறு பெட்டி கீறி 1, 5, 9, 13 ஆகியவற்றை வட்டமிடுங்கள். அவைதான் நான்கு அடிகளும் விழும் இடங்கள். 5இலும் 13இலும் 'டப்' என்று ஸ்னெயர் ட்ரம் விழும். கை தட்டினால் அந்த இரண்டில் தட்டுங்கள். 1இலும் 9இலும் தட்டுவது நம் பிள்ளைகளுக்கு வருகிற முதல் பிழை. பஜனையில் கை அங்கேதான் விழுந்து பழகியிருக்கும்.

எண்ணிக்கை வாயில் ஏற, 'தகதிமி' என்பதை ஒரு பாருக்கு நான்கு முறை சொல்லுங்கள். பதினாறு சரி. பிறகு 'தகிட தகிட தக' என்று சொல்லிப் பாருங்கள், எட்டுக் கட்டம், இரண்டு தரம் சொன்னால் பதினாறு. பீட் மாறவில்லை, அழுத்தம் மட்டும் இடம் மாறுகிறது. றப்பில் ஃபுளோ என்பது இதுதான். வடமோடியோ தென்மோடியோ ஆடினவர் யாராவது உங்கள் ஊரில் இருப்பார். கூத்துப் பழகியவருக்கு இதைப் பத்து நிமிடத்தில் விளங்கப்படுத்தலாம், தாளக்கட்டு அவர் காலிலேயே இருக்கிறது. கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஒருவரிடம் ஒரு மாலை போய் இருந்து மத்தளத்தைக் கேளுங்கள். எந்த யூடியூப் வகுப்பையும் விடப் பயன் அதிகம்.

இனி வரி எழுதுவோம். தமிழில் எழுதுகிறவருக்குக் கையில் ஒரு வசதி இருக்கிறது: குறில், நெடில். குறிலுக்கு ஒரு கட்டம், நெடிலுக்குத் தேவைப்பட்டால் இரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கல்லடிப் பாலத்தில காத்து மோதும்
சொல்லெடு மச்சான் ஒரு வரியே போதும்

முதல் வரியைப் பெட்டியில் போடுவோம். 1 வெறுமை. கல் 2, ல 3, டிப் 4. 'பா' 5இல் ஸ்னெயரோடு விழுந்து 6 வரை நீள்கிறது. லத் 7, தி 8, ல 9. 'காத்' 10, 11. து 12. 'மோ' 13இல் மறுபடி ஸ்னெயரில் விழுந்து 14 வரை. தும் 15. 16 வெறுமை, அதில்தான் மூச்சு. இரண்டாம் வரி: 1 வெறுமை, சொல் 2, லெ 3, டு 4, மச் 5, சான் 6, 7, ஒ 8, ரு 9, வ 10, ரி 11, யே 12, போ 13, 14, தும் 15. மோதும், போதும் இரண்டும் ஒரே கட்டத்தில் இறங்குவதால் காதில் பூட்டு விழுகிறது. ஒன்று 13இலும் மற்றது 15இலும் இறங்கினால் சொல் ஒத்தாலும் காது ஏற்காது.

வரிக் கடைசியில் ஒத்துவருவது இயைபு. ஆங்கில றப் பெரும்பாலும் இதில்தான் ஓடுகிறது. தமிழில் இது மட்டும் போதாது, ஏனென்றால் வினைச்சொல் கடைசியில் வருகிற மொழி இது. போறன், வாறன், பாடுறன், தேடுறன் என்று நாலு வரி முடித்தால் இலக்கணம் தானாகத் தந்ததைத்தான் நீங்கள் எடுத்திருக்கிறீர்கள். கேட்பவருக்கு மூன்றாம் வரியிலேயே அலுக்கும். அதனால் வரித் தொடக்கத்தில் எதுகை வையுங்கள் (கல்லடி, சொல்லெடு), நடுவில் மோனை தூவுங்கள், கடைசியில் வினைக்குப் பதில் பெயர்ச்சொல் நிறுத்துங்கள். எட்டுப் பாருக்கு ஒருமுறை இயைபை மாற்றுங்கள்.

பதினாறு கட்டத்தையும் நிரப்புவது இன்னொரு பொதுப் பிழை. எழுதும்போது அழகாகத் தெரியும். பாடும்போது ஆறாவது பாரில் மூச்சுத் திணறி, சொற்களின் கடைசி எழுத்துகள் விழுந்துபோகும். இரண்டு பாருக்கு ஒருமுறையாவது ஒரு முழுக் கட்டம் சும்மா விடுங்கள். வழமையான வேர்ஸ் (றப்பின் ஒரு பத்தி) பதினாறு பார், 90இல் ஏறத்தாழ 43 செக்கன். முதலில் எட்டுப் பார் எழுதி, பார்க்காமல் பாடப் பழகுங்கள்.

சென்னைக் குரலை இரவல் எடுக்க வேண்டாம். மறுகா, கிறுகிப் பாரு, என்னகா என்று நம் வாயில் இருப்பதே போதும். அக்கரைப்பற்றிலும் சம்மாந்துறையிலும் பேச்சு இன்னொரு மாதிரி வளையும், அங்கத்தைய கவி மரபும் சேர்த்து அதுவே ஒரு சொத்து. 2006இல் மலேசியாவிலிருந்து யோகி பி நட்சத்ரா குழு தமிழ் றப்பைத் தமிழ்நாடு வரை கேட்க வைத்தபோது மலேசியத் தமிழராகத்தான் பாடினார்கள்.

பதிவு செய்ய போனும் பான்ட்லாப் போன்ற இலவசச் செயலியும் போதும். பீட்டை ஹெட்போனில் மட்டும் கேளுங்கள், ஸ்பீக்கரில் விட்டால் அதுவும் மைக்கில் ஏறும். புளூடூத் ஹெட்போன் வேண்டாம். அதில் ஒலி 0.1 முதல் 0.2 செக்கன் வரை பிந்தி வரும். 90இல் ஒரு கட்டமே 0.17 செக்கன்தான். நீங்கள் சரியாகப் பாடியும் பதிவில் ஒரு கட்டம் பிந்தியே விழும், காரணம் தெரியாமல் குரலைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் இடைவெளி. மின்விசிறியை நிறுத்துங்கள். உடுப்பு நிறைந்த அலுமாரியைத் திறந்து அதைப் பார்த்துப் பாடினால் எதிரொலி குறையும். ஒலி அளவு உச்சத்தில் மைனஸ் 6 டெசிபெல்லைத் தாண்டக் கூடாது, 0ஐத் தொட்டுக் கிழிந்த குரலைப் பிறகு தைக்க முடியாது. இணையத்தில் 'இலவசம்' என்று போட்ட பீட் பெரும்பாலும் காசு பார்க்காத பாவனைக்கு மட்டும்தான். நிபந்தனையை வாசித்துவிட்டுப் பதிவேற்றுங்கள்.

பிறேக்கிங்குக்கு வருவோம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இது பதக்கப் போட்டியாக வந்தபின் வீட்டில் சொல்வது கொஞ்சம் இலேசாகியிருக்கிறது. நின்றபடி ஆடுவது டொப்றொக், தரையில் கையூன்றிக் காலால் சுற்றுவது ஃபுட்வேர்க், அசையாமல் நிற்பது ஃபிரீஸ், தலையில் முதுகில் சுழல்வது பவர். பவரை முதல் வருடம் தொடாதீர்கள். சிக்ஸ்-ஸ்டெப் என்ற ஆறு காலடிச் சுற்றைத்தான் முதலில் பழக வேண்டும்.

புஷ்அப் நிலையில் தொடங்குங்கள், கால்கள் அகல. ஒன்று: இடது கையைத் தூக்கி, வலது காலை உடம்புக்குக் கீழால் இடப்பக்கம் நீட்டுங்கள். இரண்டு: இடது காலைக் கொண்டுவந்து வலது முழங்காலுக்குப் பின்னால் கொளுவுங்கள். மூன்று: வலது காலை விடுவித்து வலப்பக்கம் அகல வையுங்கள், இப்போது இரண்டு கையும் பின்னால், வயிறு மேலே பார்த்த நண்டு நிலை. நாலு: வலது கையைத் தூக்கி, இடது காலை வலது முழங்காலுக்கு முன்னால் குறுக்கே போடுங்கள். ஐந்து: வலது காலைப் பின்னுக்கு எடுங்கள், இடது கால் வலப்பக்கம் நீண்டு நிற்கும். ஆறு: இடது காலையும் பின்னுக்கு எடுத்தால் மறுபடி புஷ்அப். வலது, இடது, வலது, இடது என்று கால் மாறி மாறியே போகும். ஒரே கால் இரண்டு தரம் வந்தால் எங்கோ ஓர் அடியை விழுங்கிவிட்டீர்கள்.

இடுப்பு தரையில் உட்கார்ந்தால் சுற்று செத்துவிடும். குதிக்கால் படாமல் முன்பாதத்தில் நில்லுங்கள். மணிக்கட்டு நோவது அநேகமாக விரல்களைக் குவித்து ஊன்றுவதால். விரல் விரித்து, பாரத்தை விரல் அடிகளுக்கும் கொடுங்கள். தொடங்குமுன் ஐந்து நிமிடம் மணிக்கட்டைச் சுழற்றி இளக்குங்கள். பாட்டில்லாமல் மெதுவாக, பிறகு 90இல், நன்றாக வந்தபின் 110க்கு மேல். பிறேக்கிங் பாட்டுகள் அந்த வேகத்தில்தான் வரும்.

கல்லடிக் கடற்கரை மணல் இதற்குச் சரிவராது, கை புதையும், கால் வழுக்காது. ஃபிரீஸில் விழுந்து பழக மட்டும் மணல் நல்லது. வீட்டுச் சீமெந்துத் தரை போதும், ஆனால் கூட்டிவிட்டு ஈரத்துணியால் ஒருமுறை துடையுங்கள். நம் தரையில் எப்போதும் கிடக்கிற பொடி மணல் முழங்கைத் தோலை உரித்துவிடும். மட்டைப் பெட்டியைப் பிரித்து விரித்து, நாலு ஓரமும் டேப் ஒட்டிவிட்டால் இன்னும் நல்லது.

டீஜே பழக இரண்டு டேர்ன்டேபிள் (இசைத்தட்டுச் சுழற்றும் மேசை) வாங்கப் போக வேண்டாம். லப்டொப்பில் மிக்ஸ் (கடைசியில் மூன்று எக்ஸ் போட்டு எழுதும் இலவச மென்பொருள்) இறக்கி, ஒரே பாட்டை இரண்டு பக்கமும் ஏற்றி, வேகத்தைத் தானாகப் பொருத்தும் சிங்க் பொத்தானைத் தொடாமல் இரண்டு பார் பிறேக்கை மாறி மாறி ஓட்டுங்கள். ஹேர்க் செய்தது அதுதான். பைலாவை றப்புக்கு அடியில் வைக்க ஆசை வரும். பைலா 6/8, றப் 4/4, அப்படியே வைத்தால் வழுக்கும். பறைமேளத்தைப் பதிவு செய்து துண்டு வெட்டினால் நன்றாக இருக்கும். அடித்தவரிடம் கேட்டு, கூலியும் கொடுத்து, பாட்டில் பெயரும் போடுங்கள். வாயாலேயே தாளம் போடும் பீட்பொக்ஸுக்கு 'ப், ட்ஸ், க், ட்ஸ்' நான்கையும் கட்டம் 1, 3, 5, 7இல் வைத்தால் தொடக்கம் ஆயிற்று.

கிராஃபிட்டியில் முதலில் அனுமதி. தனியார் சுவர் என்றால் உரிமையாளரின் கையெழுத்துள்ள கடிதம், பொதுச் சுவர் என்றால் மாநகர சபை அல்லது பிரதேச சபை. ரயில், பாலம் பக்கம் போகவே வேண்டாம், பொதுச்சொத்துச் சேதத்துக்குத் தனிச் சட்டமே இருக்கிறது. கோயில், பள்ளிவாசல், பாடசாலைச் சுவர்களை யார் சம்மதம் தந்தாலும் விட்டுவிடுங்கள்.

எழுத்தை முதலில் கொப்பியில் கீறுங்கள். தமிழில் கொம்பும் காலும் ஓர் எழுத்தை மூன்று துண்டாக்கி இடத்தைத் தின்னும். 'கடல்' போல ஒற்றை உருவங்களால் ஆன சொல்லை எடுத்தால் எழுத்துகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். புள்ளியை ஒரு துளியாகக் கீறலாம், ஆனால் விட்டுவிடாதீர்கள். கொப்பியில் 1 சென்ரிமீற்றரைச் சுவரில் 10 ஆக்குங்கள். 3 மீற்றருக்கு 1.5 மீற்றர் சுவருக்கு இரண்டு பூச்சு அடிநிறம் ஏறத்தாழ ஒரு லீற்றர் எமல்ஷன். உள்நிறத்தையும் உருளையால் பூசி, ஓரக்கோட்டுக்கு மட்டும் ஸ்பிறே பிடித்தால் செலவு பாதியாகும். டப்பாவை இரண்டு நிமிடம் குலுக்கி, ஒரு சாண் தூரத்தில், கையை நிறுத்தாமல் இழுங்கள். கிட்டப் பிடித்தாலும் மெதுவாக இழுத்தாலும் ஒழுகும். முடிந்ததும் டப்பாவைக் கவிழ்த்து, நிறமில்லாமல் காற்று மட்டும் வரும்வரை அமத்தினால் மூக்கு அடைக்காது. மாஸ்க் போடுங்கள்.

சுண்ணாம்பு அடித்த சுவரில் நேரே பூசினால் செதிலாகக் கழரும். கம்பி பிரஷால் சுரண்டிக் கழுவி, காயவிட்டு, பிரைமர் ஒரு பூச்சு. நவம்பர் முதல் ஜனவரி வரை மழையில் சுவர் உள்ளுக்குள் ஈரமாக இருக்கும், அதன் மேல் பூசினால் கொப்புளிக்கும். நடு வருடத்தில் கச்சான் காற்று அடிக்கும், ஸ்பிறே தூள் பக்கத்து வீட்டுக் கொடியில் காயும் உடுப்பில் போய் உட்காரும். அந்த மாதங்களில் காலையிலேயே வேலையை முடியுங்கள்.

இவ்வளவும் தனியே பழகலாம், ஆனால் சைஃபர் இல்லாமல் ஹிப்ஹொப் இல்லை. ஆறேழு பேர் வட்டமாக நின்று ஒவ்வொருவராக நடுவில் இறங்குவது. கூத்தாடும் வட்டக்களரி பார்த்து வளர்ந்தவர்களுக்கு வட்டம் புதிதல்ல. வந்தாறுமூலை, ஒலுவில், கல்லடி எங்கும் மாலையில் ஒரு மூலை கிடைக்கும். சின்ன ஸ்பீக்கர் போதும், ஒலிபெருக்கி கட்டினால் பொலிஸ் அனுமதி வேண்டும். பாங்கு சொல்லும் நேரமும் கோயில் பூசை நேரமும் பாட்டை நிறுத்துங்கள், அடுத்த கிழமையும் அந்த இடம் உங்களுக்குக் கிடைக்கும். ஒருவர் நடுவில் இருக்கும்போது இன்னொருவர் இறங்குவதில்லை. ஒரு முறைக்கு எட்டு அல்லது பதினாறு பார், பிறகு ஒதுங்க வேண்டும். பெண்பிள்ளைகள் வந்தால் வட்டத்தின் ஓரத்தில் நிறுத்தி வைக்காமல் முறை கொடுங்கள். வீடியோ எடுத்தால் அதில் இருக்கிற எல்லோரிடமும் கேட்ட பிறகே போடுங்கள். வீட்டுக்குச் சொல்லாமல் வந்தவர் ஒருவராவது இருப்பார்.