ஏற்காட்டில் ஒரு கொலை: த்ரில்லர் கதையில் லாஜிக் ஓட்டையை அடைப்பது எப்படி?

நம்ப முடியாத கதை என்ற ஒரே காரணத்தால் எந்த க்ரைம் த்ரில்லரும் படுத்துவிடாது. ஒரே முகம் கொண்ட இருவர், செத்தவன் பெயரில் வரும் கடிதம் என்று ஒரு பெரிய பொய்யை முதல் கால் மணி நேரத்துக்குள் சொல்லிவிட்டால், பார்க்கிறவர் ஒத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அவரை நாம் இழப்பது சின்னப் பொய்களால்தான். சேலம் அஸ்தம்பட்டியில் கிளம்பிய கார் பத்தே நிமிடத்தில் ஏற்காடு ஏரிக்கரையில் வந்து நின்றால், சேலத்துத் தியேட்டரில் அதற்கப்புறம் யாரும் கொலைகாரனைத் தேட மாட்டார்கள். மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோ இருந்த ஊர்; துப்பறியும் படங்களைப் பார்த்துப் பழகிய கண்கள்.

முதல் வேலை, நேரக் கணக்கு. ஒன்லைன் ஆர்டரில், அதாவது சீன்களை வரிசையாக ஒரு வரியில் எழுதும் பட்டியலில், ஒவ்வொரு சீனுக்கும் பக்கத்தில் மணி, இடம், அந்த நேரத்தில் கொலைகாரன் எங்கே என்ற மூன்றையும் எழுதுங்கள். மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பாதி ஓட்டை அங்கேதான் விழுகிறது. சேலத்திலிருந்து ஏற்காடு சுமார் 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவுகள். காரில் ஒரு மணி நேரம் வையுங்கள். பனிமூட்டம் இறங்கிய இரவென்றால் இன்னும் கூட்டுங்கள். “மலைக்கு ஒரே வழிதான் சார், அடிவாரத்துல மடக்கிட்டோம்” என்று வசனம் எழுதாதீர்கள். குப்பனூர் வழியாகவும் இறங்கலாம் என்பது உள்ளூர்க்காரர் எல்லோருக்கும் தெரியும். அதை மறைப்பதைவிட, போலீஸ் எந்த வழியில் நிற்பது என்று தவிக்கிற சீனாக்கினால் பதற்றம் இலவசமாகக் கிடைக்கும்.

அடுத்து, மலைப்பாதைக் கதைகளில் தவறாமல் வரும் பிரேக். “பிரேக் ஒயரை அறுத்துட்டான்” என்பது பழைய வழக்கம். காரின் கால் பிரேக் ஒயரில் ஓடுவதில்லை, குழாயில் இருக்கும் ஆயிலில் ஓடுகிறது. குழாயை அறுத்தால் முதல் சில மிதியிலேயே பெடல் லூசாகும். வீட்டு கேட்டைத் தாண்டும் முன்பே ஓட்டுநருக்குத் தெரிந்துவிடும். போதாததற்கு, பெரும்பாலான கார்களில் பிரேக் ஆயில் இரண்டு தனித்தனிப் பாதைகளில் போகிறது. ஒன்று போனாலும் மற்றது பாதி பிடிக்கும். ஹேண்ட்பிரேக்குக்குத் தனி கேபிள்.

மலையில் உண்மையில் நடப்பது வேறு. ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பது மலை ஓட்டுநர்களின் பாடம். அதை விட்டு டாப் கியரில், பிரேக்கிலேயே கால் வைத்து இறங்கினால் டிஸ்க் காய்ந்து கருகிய வாடை வரும். டாட்-3 என்ற வகை பிரேக் ஆயில் புதிதாக இருந்தால் 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்கும். வருடக்கணக்கில் மாற்றாமல் ஈரம் ஏறிய ஆயில் 140 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடலாம். குழாய்க்குள் ஆவிக் குமிழி உண்டாகி, பெடல் பஞ்சுபோல் தரை வரை போகும். கதைக்கு உதவுவது இதற்குப் பிறகு வருவதுதான்: ஆயில் ஆறியதும் பிரேக் மறுபடி பிடிக்கும். மறுநாள் மெக்கானிக் மிதித்துப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். விபத்தா, திட்டமா என்று இன்ஸ்பெக்டர் குழம்ப இது போதும். இடைவேளை வரை தாங்கும்.

உடல் விஷயத்தில், கன்னத்தைத் தொட்டு “சரியா 9.40-க்கு செத்திருக்கார்” என்று டாக்டர் பேசக் கூடாது, அவர் தருவது ஒரு நேர இடைவெளி மட்டுமே. நம் சமவெளி வெயிலில் விறைப்பு ஓரிரு மணி நேரத்தில் தாடையில் தெரியத் தொடங்கும், மலைக்குளிரில் தாமதமாகும். உடலைச் சேலத்திலிருந்து காபித் தோட்டத்துக்குக் கொண்டுவந்து போட்டார்களா? சுமார் 8 மணி நேரத்தில் தேங்கிய ரத்தத்தின் நிறம் ஓரிடத்தில் நிலைத்துவிடும். முதுகில் நிறம் இருக்க, உடல் குப்புறக் கிடந்தால் யாரோ இடம் மாற்றியிருக்கிறார்கள். இந்தத் துப்பு உங்களுக்கு வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்து, உடலை இடம் மாற்றும் நேரத்தை அதற்கேற்ப வையுங்கள். குளோரோஃபார்ம் கைக்குட்டை ஒரு நொடியில் யாரையும் மயக்காது, சில நிமிடம் பிடிக்கும். அதை எடுத்துவிடுங்கள்.

போலீஸ் நடைமுறையில் சறுக்கும் இடங்கள் பல. சேலம் மாநகரத்துக்குக் கமிஷனர். ஏற்காடு காவல் நிலையம் மாவட்ட எஸ்.பி.யின் கீழ். மாநகர இன்ஸ்பெக்டர் நேராக மலையேறி வழக்கைக் கையில் எடுக்க ஒரு காரணம் சொல்லியாக வேண்டும். கொலை என்று சந்தேகப்படும் உடலுக்கு இரவோடு இரவாகப் பிரேதப் பரிசோதனை செய்வது வழக்கமில்லை, காலை வரை காத்திருக்க வையுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடந்த கொலைக்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் பிரிவு 302 கிடையாது, புதிய பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்தின் பிரிவு 103; ஃப்ளாஷ்பேக் அதற்கு முந்தியதென்றால் 302-தான் சரி. போலீஸிடம் கொடுத்த வாக்குமூலத்தை மட்டும் வைத்துக் கோர்ட்டில் தண்டிக்க முடியாது என்பதால், கிளைமாக்ஸில் “நான்தான் கொன்னேன்” என்று கத்த வைத்து வழக்கை மூடாதீர்கள். செல்போன் டவர் விவரம் ஒரு பகுதியைக் காட்டும், எந்தப் புதர் என்று காட்டாது.

தற்செயல் நிகழ்ச்சியைப் பொறுத்தவரை ஒரே சோதனை: அது யாருக்கு உதவுகிறது? ஏற்காட்டின் லேடிஸ் சீட் காட்சி முனையில் சூரியன் மறைவதைப் படம் எடுத்த பயணியின் வீடியோவில் கொலைகாரன் தற்செயலாக விழுந்து நாயகனுக்குக் கிடைத்தால் காதில் பூ. அதே வீடியோவில் நாயகனே தவறான இடத்தில் விழுந்து சந்தேகத்துக்கு ஆளானால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

எல்லாம் முடிந்ததும் சினிமாவோடு சம்பந்தமில்லாத ஒருவரிடம் கதையைச் சொல்லுங்கள். “ஏன் போன் பண்ணல? ஏன் கத்தல?” என்று அவர் நிறுத்தும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், விளக்கம் சொல்லித் தப்பிக்காதீர்கள். அடைக்கவே முடியாத ஓட்டை ஒன்று மிஞ்சினால், அந்தக் கேள்வியைப் பார்க்கிறவர் கேட்பதற்கு முன் ஏட்டய்யாவைக் கேட்க வையுங்கள். ஒரே வரி. பதிலும் ஒரே வரி. உடனே அடுத்த சீன்.