துணைநூற்பட்டியலில் 'துறை' என்றொரு ஆசிரியர்: ஜொட்டெரோவில் தமிழ்ப் பெயர்கள்

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் இரும்புக்கால இடங்களைப் பற்றி ஆய்வேடு எழுதுகிறேன். துணைநூற்பட்டியலைக் கையால் அடித்து, அகரவரிசை குலைந்து, மறுபடி அடித்து அலுத்தபிறகுதான், மேற்கோளையும் பட்டியலையும் தானே அடுக்கித் தரும் மென்பொருளான ஜொட்டெரோவுக்கு வந்தேன். இலவசம். காசு கட்டி வாங்குகிறவையும் உண்டு. நம் வேலைக்கு அவை வீண் என்பது என் கட்சி.

ஜொட்டெரோவையும் பிரவுசருக்கான கனெக்டரையும் நிறுவுங்கள். வேர்டை மூடித் திறந்தால் ஜொட்டெரோ டேப் வந்திருக்கும். நூலின் இணையப் பக்கத்தில் கனெக்டரை அழுத்தினால் விவரம் உள்ளே வரும். வராத நூல்களை நாமே அடிக்க வேண்டியதுதான். பழைய தமிழ் நூல்கள் பெரும்பாலும் அப்படித்தான்.

நான் மாட்டிக்கொண்டது இனிமேல்தான். இதே மாவட்டத்து மயிலாடும்பாறையில் இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் அறிவித்தார்களே, அதன் அறிக்கையை வேறொரு பட்டியலிலிருந்து இழுத்துப் போட்டேன். ஆசிரியர், தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை. ஆய்வேட்டில் வந்ததோ "துறை, தமிழ்நாடு அரசு தொல்லியல்". கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு முன்னே தூக்கி வைத்துவிட்டது. "யாரும்மா இந்தத் துறை?" என்றார் நெறியாளர்.

ஆசிரியர் பெயர்க் கட்டத்தை ஒட்டி ஒரு குட்டிப் பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் இரண்டு கட்டங்கள் ஒன்றாகும். அதில் துறையின் முழுப்பெயரும் ஒழுங்காக இருக்கிறதா என்று பாருங்கள். நிறுவனம் என்றால் எப்போதும் ஒற்றைக் கட்டம்தான்.

ஆட்களுக்கு இரட்டைக் கட்டமே சரி. முதலில் பெயர், அடுத்ததில் தலைப்பெழுத்து. "முருகேசன் கி" என்று தலைப்பெழுத்தைப் பின்னால் போட்டிருக்கும் பட்டியல்களை நம்பாதீர்கள். ஆள் 'கி' வரிசைக்குப் போய்விடுவார்.

மேற்கோளுக்கு வேர்டில் 'ஆட்/எடிட் சைட்டேஷன்'. நூலைத் தேர்ந்ததும் அதன் பெயர் மேலேயே ஒரு தட்டு தட்டி, பக்க எண் கொடுத்துவிடுங்கள். "அப்புறம் போடலாம்" என்று விட்டு, ஒரே ஒரு எண்ணுக்காகத் தருமபுரி நூலகத்துக்குப் பஸ் ஏறியவள் நான். பிழை இருந்தால் ஜொட்டெரோவில் திருத்தி, வேர்டில் 'ரிஃப்ரெஷ்' கொடுங்கள். வேர்டிலேயே திருத்தினால் அடுத்த ரிஃப்ரெஷில் அழிந்துவிடக்கூடும்.

பின்சேர்க்கை: ஓசூரிலிருந்து ஒருவர், ஆய்வேடு பாமினி எழுத்துருவில் இருப்பதால் மேற்கோள் மட்டும் ஒட்டாமல் தனியாகத் தெரிகிறது என்று கேட்டிருந்தார். பாமினி யூனிகோடு அல்லாத பழைய எழுத்துரு. ஜொட்டெரோ யூனிகோடில் இயங்குவது. என்எச்எம் கன்வெர்ட்டர் என்ற எழுத்து மாற்றும் மென்பொருளில் முழு ஆய்வேட்டையும் யூனிகோடுக்கு மாற்றிவிட்டு, அதற்குப் பிறகே மேற்கோள் சேருங்கள். ஏற்கெனவே சேர்த்தவற்றை மாற்றிய கோப்பில் மறுபடி சேர்க்க வேண்டிவரும்.