தொட்டி மாற்றியபின் வாடிய அரிகா பனை

கூடத்தில் இருந்த அரிகா பனையை 8 அங்குலத் தொட்டியிலிருந்து 14 அங்குலத் தொட்டிக்கு மாற்றிய மூன்றாவது வாரத்தில், அடி ஓலைகள் மஞ்சளித்து நுனிகள் கருகத் தொடங்கின. தண்ணீர் போதவில்லை என எண்ணி நாள்தோறும் ஊற்றியதுதான் என் பெரும் பிழை. விரலை மண்ணுக்குள் விட்டபோது சேறாகக் குளிர்ந்திருந்தது. புளித்த வாடையும் வந்தது. வேர்கள் எட்டாத அளவுக்கு மண் மிகுந்தால், ஈரம் உறிஞ்சப்படாமல் தேங்கி, வேருக்குக் காற்று கிடைக்காமல் போகிறது.

கறுத்துக் குழைந்த வேர்களை மட்டும் வெட்டிவிட்டு, வெண்ணிற வேர்களைக் கலைக்காமல், ஆற்றுமணல் கலந்த செம்மண் நிரப்பிய 10 அங்குலத் தொட்டியில், தண்டின் அடி புதையாதபடி மீண்டும் நட்டேன். வெயில் நேரே படாத வெளிச்சத்தில் வைத்து, மேல்மண் காய்ந்த பிறகே நீர்விட்டேன். இரண்டு மாதம் உரமே இடவில்லை. கருகிய ஓலை மீண்டும் பச்சையாகாது. நடுக்குருத்தைத்தான் கவனிக்க வேண்டும். ஏழாம் வாரத்தில் அது ஈட்டிபோல் நிமிர்ந்தது.