குவில்ட் ஓரத்துக்கு பைண்டிங் தைப்பது எப்படி: கைத்தையல், மெஷின் இரண்டும்

ஒரு குவில்ட்டில் (நடுவில் பஞ்சு வைத்துத் தைத்த போர்வையில்) முதலில் நைந்து போவது ஓரம்தான். இழுப்பது, உரசுவது, மடிப்பது எல்லாம் அங்கேதான் விழுகிறது. அதனால் பைண்டிங்கை, அதாவது ஓரத்தைச் சுற்றி மூடும் துணியை, ஒற்றையாக வைக்காமல், நீளவாக்கில் இரண்டாக மடித்த பட்டியாக வையுங்கள். மேல் அடுக்கு தேய்ந்தாலும் அடியில் இன்னொன்று தாங்கும்.

துணியை வெட்டுவதற்கு முன்பே ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள்: கடைசித் தையல் கையாலா, மெஷினிலா? கை என்றால் பட்டியை முதலில் குவில்ட்டின் முன்பக்கத்தில் தைத்து, பின்னால் திருப்பி ஹெம்மிங் செய்ய வேண்டும். மெஷின் என்றால் முதலில் பின்பக்கத்தில் தைத்து, முன்னால் திருப்பி மேல்தையல் போட வேண்டும். அப்போதுதான் வெளியே தெரியும் தையலைப் பார்த்துக்கொண்டே தைக்கலாம்.

பட்டி எவ்வளவு வேண்டும்?

கைத்தையலுக்கு 2¼ இன்ச் அகலம் போதும். மெஷினுக்கு 2½ இன்ச் வெட்டுங்கள். திருப்பும்போது முந்தைய தையலை நன்றாக மூடும்.

நீளத்துக்கு நான்கு பக்கங்களையும் கூட்டி, 12 இன்ச் சேர்க்கவும். 40 × 60 இன்ச் குவில்ட்டுக்குச் சுற்றளவு 200. ஆக 212 இன்ச் வேண்டும். 42 இன்ச் பன்னா (அகலம்) உள்ள துணியில் 5 பட்டி வெட்டினால் 210 வருகிறது, ஏறக்குறைய சரிதானே என்று தோன்றும். ஆனால் சாய்வாக இணைக்கும்போது ஒவ்வொரு இணைப்பிலும் பட்டியின் அகலம் அளவுக்கு நீளம் குறையும். 2½ இன்ச் பட்டியில் 4 இணைப்புக்கு 10 இன்ச் போய், மிஞ்சுவது 200தான். எனவே 6 பட்டி வெட்டுங்கள். அதற்கு 15 இன்ச் துணி போதும்.

இணைக்க, இரண்டு பட்டிகளின் நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்க, எல் வடிவில் வைத்து மூலைக்கு மூலை சாய்வாகத் தையுங்கள். கால் இன்ச் விட்டு மீதியை வெட்டி, தையலை இரண்டு பக்கமும் விரித்து இஸ்திரி போடவும். நேராக இணைத்தால் அத்தனை மடிப்பும் ஒரே இடத்தில் குவிந்து முடிச்சுப் போலத் தடிக்கும். பிறகு, நல்ல பக்கம் வெளியே இருக்கும்படி முழுப் பட்டியையும் இரண்டாக மடித்து இஸ்திரி போடுங்கள்.

ஓரம் நேராக இருந்தால் இந்த நேர்ப் பட்டியே போதும். வளைந்த ஓரத்துக்கு மட்டும் கிராஸ் பீஸ் (துணியின் குறுக்கே சாய்வாக வெட்டிய பட்டி) அவசியம்.

முதல் தையல்

குவில்ட்டின் நான்கு மூலைகளையும் மட்டம் பார்த்து வெட்டுங்கள். பட்டியைச் சும்மா ஒரு சுற்று வைத்துப் பாருங்கள். இணைப்பு ஏதாவது மூலையில் விழுந்தால், தொடங்கும் இடத்தைக் கொஞ்சம் தள்ளிக்கொள்ளுங்கள்.

ஒரு பக்கத்தின் நடுவில் தொடங்கி, பட்டியின் முதல் 10 இன்ச்சை வாலாகத் தைக்காமல் விட்டு, வெட்டு விளிம்புகளை ஒன்றாக்கிக் கால் இன்ச் உள்ளே தையுங்கள். வாக்கிங் ஃபுட் (மேல் துணியையும் சேர்த்து நகர்த்தும் மெஷின் பாதம்) இருந்தால் மாட்டிக்கொள்ளுங்கள். அடுக்குகள் எல்லாம் சேர்ந்தே நகரும். பட்டியை இழுத்துப் பிடித்துத் தைத்தால் ஓரம் சுருங்கும். குவில்ட்டின் ஓரத்தை இழுத்தால் அலை அலையாக நிற்கும். இரண்டையும் அதன் போக்கில் விடுங்கள்.

மூலை

இங்கே அவசரமே கூடாது. மூலைக்குக் கால் இன்ச் இருக்கும்போது நிறுத்துங்கள். அந்த இடத்தில் முன்பே பென்சிலால் புள்ளி வைத்துக்கொள்வது நல்லது. ஊசி துணிக்குள் இறங்கியபடி இருக்க, குவில்ட்டைத் திருப்பி மூலை முனையை நோக்கிச் சாய்வாகத் தைத்து வெளியே வந்துவிடுங்கள். பட்டியை மேல்நோக்கி மடித்தால், அதன் விளிம்பு அடுத்த பக்கத்தின் விளிம்போடு ஒரே கோடாக நிற்கும். அடியில் 45 டிகிரி மடிப்பு விழும். அந்த மடிப்பை விரலால் அழுத்திக்கொண்டே பட்டியைக் கீழே இறக்குங்கள். மேலே உண்டாகும் மடிப்பு, தைத்து முடித்த பக்கத்தின் விளிம்போடு துல்லியமாகச் சேர வேண்டும். அங்கே, மேல் விளிம்பிலிருந்தே தையலைத் தொடங்குங்கள்.

புள்ளியைத் தாண்டித் தைத்துவிட்டால் மடிப்பு தையலில் மாட்டிக்கொண்டு மூலை திரும்பாது. அப்படி ஆனால் கடைசி நாலைந்து தையலைப் பிரித்துவிடுங்கள், சமாளிக்கப் பார்க்காதீர்கள்.

இரண்டு முனைகளும் சேருமிடம்

தொடங்கிய இடத்துக்கு 10 இன்ச் இருக்கும்போது நிறுத்துங்கள். இரண்டு வால்களையும் ஓரத்தில் படுக்க வைத்து, பட்டி மடிக்கும் முன் எவ்வளவு அகலமோ சரியாக அவ்வளவு நீளம் ஒன்றின் மேல் ஒன்று ஏறும்படி வெட்டுங்கள். மடிப்பை விரித்து, நல்ல பக்கங்கள் சேர, முன்போலவே எல் வடிவில் வைத்துக் குண்டூசி குத்துங்கள். குவில்ட்டைக் கொஞ்சம் கொசுவிப் பிடித்தால் கைக்குத் தளர்வு கிடைக்கும். தைப்பதற்கு முன் மறுபடி மடித்துப் பாருங்கள். முறுக்கிக்கொண்டால் ஒரு முனை திரும்பியிருக்கிறது. இந்த நேரத்தில் குண்டூசியை எடுத்துத் திருப்பி வைத்தாலே போதும். சரியாகப் படுத்தால் தைத்து, மிச்சத்தை வெட்டி, விட்ட இடைவெளியை முடியுங்கள்.

மெஷினில் முடிக்க

பட்டியை முன்பக்கம் திருப்பி, கிளிப் போட்டு, மடிப்பு விளிம்பிலிருந்து அரைக்கால் இன்ச்சுக்குள் மேல்தையல் போடுங்கள். தையல் நீளம் 3 மில்லிமீட்டர் வைக்கலாம். பின்னால் இந்தத் தையல் பட்டியை ஒட்டிப் பின்துணியின் மேல் ஓடும். ஆகவே பாபினில் பின்துணியின் நிறத்திலேயே நூல் சுற்றுங்கள்.

கையால் முடிக்க

பட்டியின் நிறத்தில் நூல், சுமார் 18 இன்ச். அதற்கு மேல் போனால் சிக்கும். பட்டி மெஷின் தையலை மூடியபடி இருக்க, பின்துணியையும் கொஞ்சம் பஞ்சையும் மட்டும் எடுத்து, முன்பக்கம் ஊசி வராமல் குத்துங்கள். அரைக்கால் இன்ச் தள்ளி வெளியே வந்து, பட்டி மடிப்பின் விளிம்பில் இரண்டு இழையைப் பிடியுங்கள். அடுத்த குத்து, நூல் வெளிவந்த இடத்துக்கு நேர் எதிரே இறங்க வேண்டும். கொஞ்சம் தள்ளி இறங்கினாலும் நூல் சாய்வாக வெளியே தெரியும். மூலையில் முன்பக்க மடிப்பு எந்தப் பக்கம் படுத்திருக்கிறதோ, பின்பக்க மடிப்பை அதற்கு எதிர்ப்பக்கம் படுக்க வையுங்கள். தடிமன் இரண்டாகப் பிரிந்து முனை கூராக நிற்கும். அந்த மடிப்பின் மேலும் இரண்டு மூன்று தையல் போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போங்கள்.