ரெண்டாவது காருக்கு சின்ன ஹேட்ச்பேக் பார்க்கிறீங்களா? முதல்ல லாக் கார்டை வாங்கிப் படிங்க

சிங்கப்பூர் வந்து வேலை நிலையாகி, புள்ளைங்களுக்கு ஸ்கூல் கிடைச்சு, வீட்டுல ஒரு வண்டியும் வந்த பிறகு நம்மாளுங்க அடுத்து கேட்கிற கேள்வி இதுதான்: ரெண்டாவதா சின்னதா ஒரு ஹேட்ச்பேக் பழசுல எடுத்துக்கலாமா? வீட்டுக்காரருக்கு வேலை துவாஸ்ல, நமக்கு சாங்கி பக்கம், புள்ளைக்கு தமிழ் கிளாஸ் பீட்டி ரோடு உமறுப் புலவர் நிலையத்துல, ஒரே வண்டியை வச்சுக்கிட்டு யாரை எங்க இறக்கி விடறது. நியாயமான தேவை. எம்ஆர்டி இருக்கே, பஸ் இருக்கேன்னு புத்தி சொல்ல நான் வரல. ஆனா இங்க பழைய சின்ன கார் வாங்குறதுல ஒரு குழி இருக்கு, ஊர்ல வண்டி வச்சிருந்த பழக்கமே நம்மளை அதுக்குள்ள தள்ளி விட்டுடுது. சில வண்டிக்கு ரோட்டுல ஓட்டற உரிமையைத் திரும்பப் புதுப்பிக்கவே முடியாது, அது லாக் கார்டுங்கிற வண்டி விவரத் தாள்லயே தெரிஞ்சுடும். அதைத்தான் விளக்கமா எழுதப் போறேன், மத்ததை மடமடன்னு சொல்லிட்டுப் போயிடறேன்.

லைசென்ஸ்: இந்திய லைசென்ஸை வச்சு 12 மாசம் ஓட்டலாம், அதுக்குள்ள பேசிக் தியரி டெஸ்ட் எழுதி இந்த ஊர் கார் லைசென்ஸான கிளாஸ் 3க்கு மாத்திக்குங்க, கடைசி மாசம் வரைக்கும் இழுக்காதீங்க. அடுத்தது சிஓஇ. 1990ல இருந்து இருக்கிற ஏற்பாடு, கார் வச்சுக்கிறதுக்கான 10 வருஷ உரிமைச் சீட்டு, மாசத்துக்கு ரெண்டு தடவை ஏலம் நடக்கும். 1600 சிசிக்கும் 130 பிஎச்பிக்கும் உள்ள இருந்தா ஏ பிரிவு, நாம பார்க்கிற சின்ன பெட்ரோல் ஹேட்ச்பேக் எல்லாம் இதுலதான் வரும். 2025 அக்டோபர்ல இந்த ஏ பிரிவே 128,000 சிங்கப்பூர் வெள்ளியைத் தாண்டிப் போச்சு. வெறும் சீட்டுக்கு மட்டும் அது, இதுக்கு மேல வண்டியோட அடக்க விலையான ஓஎம்வி, அதுல முதல் 20,000 வெள்ளிக்கு அதே அளவு ஏஆர்எஃப்ங்கிற பதிவு வரி, ஜிஎஸ்டி, டீலர் லாபம். ரெண்டாவது காருன்னு பழசைத் தேடறது அதனாலதான்.

எந்த வண்டி எடுக்கலாம்னா, அதுல எனக்கு பெரிய சண்டை இல்ல. ஊர்ல மாருதி ஸ்விஃப்ட் ஓட்டினவங்களுக்கு இங்க இருக்கிற சுஸுகி ஸ்விஃப்ட் கைக்கு உடனே பழகிடும். மாஸ்டா 2, டொயோட்டா யாரிஸ், கியா பிகான்டோ எல்லாமே ஊருக்குள்ள ஓட்ட போதும். என் ஓட்டு ஹோண்டா ஜாஸுக்கு. அதுல பெட்ரோல் டேங்க் முன் சீட்டுக்குக் கீழ இருக்கு, அதனால பின் சீட்டோட அடிப்பலகையை அப்படியே மேல தூக்கி நிறுத்திடலாம், தரையில இருந்து கூரை வரைக்கும் இடம் கிடைக்கும், வெட் கிரைண்டர் பெட்டியை நிமிர்த்தி வச்சே கொண்டு வரலாம். ஜப்பான்ல இருந்து பிஐ இறக்குமதியா, அதாவது கம்பெனியோட அதிகாரப்பூர்வ டீலர் வழியா இல்லாம வர்றது ஃபிட்ங்கிற பேர்ல இருக்கும், சிலதுல திரை முழுக்க ஜப்பானிய எழுத்தா இருக்கும், பார்த்துக்குங்க. சின்ன வண்டியோட அருமை உங்க புளோக்கோட மல்டி ஸ்டோரி கார் பார்க்குல தெரியும். ஏறுற வளைவுல தூணைப் பாருங்க, வெள்ளை, சிவப்பு, சில்வர்னு எல்லா கலர் பெயிண்டும் இடுப்பு உயரத்துல கோடு கோடா இழுத்திருக்கும். பெரிய குடும்ப வண்டியான எம்பிவியை அதுல திருப்பி ஏத்தறதுக்குள்ள எனக்கு தோள்பட்டை வலி வந்துடும், ஹேட்ச்பேக் ஒரே திருப்புல ஏறிடும்.

இப்ப விஷயத்துக்கு வரேன்.

வீட்டுக்காரர் கூட வேலை பார்க்கிற தம்பி ஒருத்தர், பட்டுக்கோட்டைக்காரர், என்னை அக்கான்னு கூப்பிடுவார். மனைவிக்காக ஒரு ஹேட்ச்பேக் பார்த்தார். வண்டி பளபளன்னு இருந்துச்சு, விலையும் கம்மி, சிஓஇ இன்னும் ரெண்டரை வருஷம் பாக்கி. முடிஞ்சதும் என்ன பண்றதுன்னு கேட்டிருக்கார், சேல்ஸ்மேன் சிரிச்சுக்கிட்டே "அப்போ இன்னொரு அஞ்சு வருஷம் புதுப்பிச்சுக்கலாம், பிரதர்"னு சொல்லியிருக்கான். தம்பி நம்பிட்டார். ஏன் நம்பினார்? ஊர்ல ஆர்சி 15 வருஷம் முடிஞ்சா ஆர்டிஓ ஆஃபீஸ்ல வண்டியைக் காட்டி அஞ்சு வருஷம் நீட்டுவோம், அது முடிஞ்சா மறுபடி அஞ்சு வருஷம், அப்பா வாங்கின வண்டியை மகன் ஓட்டுவான். அந்தக் கணக்கு ரத்தத்துல ஊறிப் போச்சு. இங்க அந்தக் கணக்கே கிடையாது.

இங்க இப்படி: முதல் 10 வருஷம் முடியும்போது ஓனருக்கு ரெண்டு வழி. ஒண்ணு, வண்டியை டீரிஜிஸ்டர் பண்ணி, அதாவது பதிவை ரத்து பண்ணி, பாரஃப் பணத்தை வாங்கிக்கிறது, அதாவது கட்டின ஏஆர்எஃப்ல ஒரு பங்கு திரும்ப வரும். இன்னொண்ணு பிக்யூபி கட்டி சிஓஇயைப் புதுப்பிக்கிறது. பிக்யூபிங்கிறது கடைசி மூணு மாச சிஓஇ விலையோட சராசரி. முழுசாக் கட்டினா 10 வருஷம், பாதி கட்டினா 5 வருஷம். புதுப்பிச்ச அன்னைக்கே பாரஃப் பணம் போயிடும், ரெண்டுக்கும் அப்படித்தான். 10 வருஷத்துக்குப் புதுப்பிச்ச வண்டியை அது முடிஞ்சா திரும்பவும் புதுப்பிக்கலாம். 5 வருஷத்துக்குப் புதுப்பிச்சதை முடியாது. எஞ்சின் எப்படி இருந்தாலும், எவ்வளவு காசு வச்சிருந்தாலும், அந்தத் தேதியில வண்டி ரோட்டை விட்டுப் போயே ஆகணும், ஸ்கிராப்புக்கோ ஏற்றுமதிக்கோ.

தம்பி வாங்கினது அந்த 5 வருஷ வண்டி. அது தெரியாம ஏர்கான் கம்ப்ரெஸர் புதுசு மாத்தினார், நாலு டயர் போட்டார், சஸ்பென்ஷன் பூரா பிரிச்சு வேலை பார்த்தார், இன்னும் ஏழு வருஷம் ஓடப் போகுதேன்னு. மனைவி மாசாமாசம் பிக்யூபிக்குன்னு தனியா பணம் எடுத்து வச்சாங்க. முடியறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி நிலப் போக்குவரத்து ஆணையமான எல்டிஏவோட ஒன்மோட்டரிங் இணையப் பக்கத்துல புதுப்பிக்கப் போனப்பதான் தெரிஞ்சுது. கடைக்குப் போய் கேட்டா, நீங்க கேட்டிருக்கணும்னு பதில். கேட்டாரே! கேட்டதுக்குத்தானே அந்தப் பதில் சொன்னீங்க! எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கல. புதுசா வந்தவங்களுக்கு விதி தெரியாதுன்னு தெரிஞ்சே பேசற பேச்சு அது. புது கம்ப்ரெஸரோட அந்த வண்டி ஸ்கிராப் யார்டுக்குப் போச்சு, கையில ஒரு வெள்ளி திரும்பல.

அதனால வண்டியைச் சுத்திப் பார்க்கிறதுக்கு முன்னாடி லாக் கார்டைக் கேளுங்க. ஊர்ல ஆர்சி புக் மாதிரி, இங்க எல்டிஏ சிஸ்டம்ல இருந்து எடுக்கிற வண்டி விவரம், ஓனர் சிங்பாஸ்ங்கிற அரசாங்க டிஜிட்டல் அடையாளத்தைப் போட்டு எடுத்துக் குடுக்க ரெண்டு நிமிஷம் போதும். தர மாட்டேன்னு இழுத்தா அந்தக் கடையை விட்டு வந்துடுங்க. முதல் தடவை ரிஜிஸ்டர் ஆன தேதியைப் பாருங்க, 10 வருஷம் தாண்டியிருந்தா அது சிஓஇ புதுப்பிச்ச வண்டி, இங்க சுருக்கமா சிஓஇ வண்டிம்பாங்க; தாண்டாதது பாரஃப் வண்டி. பிறகு சிஓஇ காலம்னு ஒரு வரி இருக்கும், அதுல 5 இருக்கா 10 இருக்கான்னு பாருங்க. தம்பியோட கார்டுல 5ன்னு தெளிவாத்தான் போட்டிருந்துச்சு, அதுக்கு என்ன அர்த்தம்னு யாரும் அவருக்குச் சொல்லல. அப்புறம் பாரஃப் தகுதி இருக்கா, இருந்தா மினிமம் பாரஃப் எவ்வளவு. ரிஜிஸ்டர் ஆன காலத்தைப் பொறுத்து பாரஃப் விதி மாறியிருக்கு, அதனால சேல்ஸ்மேன் சொல்ற சதவீதத்தை விட்டுட்டு கார்டுல இருக்கிற தொகையை எடுத்துக்குங்க.

அந்தத் தொகையை வச்சு டிப்ரி போடுங்க, வருஷத்துக்கு எவ்வளவு தேயுதுங்கிற கணக்கு. இந்த ஊர்ல கார் பேசற எல்லாரும் பேசறது அதுதான். உதாரணத்துக்கு 36,000 வெள்ளியில மூணு வருஷம் பாக்கி இருக்கிற சிஓஇ வண்டி, முடியும்போது பாரஃப் சைபர், வருஷத்துக்கு 12,000 ஆச்சு. பக்கத்துலயே 66,000ல ஒரு பாரஃப் வண்டி, அஞ்சு வருஷம் பாக்கி, கடைசியில 8,000 திரும்ப வரும்னா 58,000ஐ அஞ்சால வகுங்க, 11,600. விலை கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, ஆனா வருஷத்துக்கு கம்மி. இதுல சிஓஇ வண்டிக்கு 10 வருஷம் தாண்டினதுக்கு ரோடு டாக்ஸ் கூடுதலா வரும், முதல்ல 10 சதவீதம், வருஷாவருஷம் ஏறி 50 சதவீதம் வரைக்கும். இன்ஸ்பெக்ஷனும் வருஷா வருஷம். அதுக்காக சிஓஇ வண்டியே ஆகாதுன்னு சொல்லல. ரெண்டு வருஷத்துல ஊருக்குத் திரும்பற பிளான்ல இருக்கவங்களுக்கு 5 வருஷ வண்டி நல்லாவே ஒத்து வரும், தெரிஞ்சு வாங்கினா.

லோன் எடுக்கிறவங்க, ஓஎம்வி 20,000க்குள்ள இருந்தா வண்டி விலையில 70 சதவீதம், அதுக்கு மேல போனா 60 சதவீதம், அதிகபட்சம் 7 வருஷம், அதுவும் சிஓஇ பாக்கி இருக்கிற வரைக்கும்தான். "மாசம் இவ்வளவுதான் கட்டணும்"னு மட்டும் பேசறவங்ககிட்ட மொத்தம் எவ்வளவுன்னு எழுதி வாங்குங்க.

ரெண்டாவது காருக்குன்னே இன்னும் ரெண்டு மூணு இருக்கு. இன்ஷூரன்ஸ் என்சிடி, அதாவது க்ளெய்ம் பண்ணாம இருந்ததுக்கான தள்ளுபடி, ஒரு வண்டிக்குத்தான். முதல் கார்ல 50 சதவீதம் சேர்த்து வச்சிருந்தாலும் ரெண்டாவது சைபர்ல இருந்து ஆரம்பிக்கும், சில கம்பெனிக்காரங்க ரெண்டாவது காருக்குன்னு தனித் தள்ளுபடி தர்றாங்க, வாயைத் திறந்து கேட்டாத்தான் கிடைக்கும். எச்டிபி (வீட்டு வாரியம்) தர்ற மாசாந்திர சீசன் பார்க்கிங் ரெண்டாவது வண்டிக்கு கட்டணம் கூட, இடம் இருந்தாத்தான் தருவாங்க, அதை விசாரிக்காம வண்டிக்கு முன்பணம் குடுக்காதீங்க. சிவப்பு நம்பர் பிளேட் போட்ட ஆஃப் பீக் கார் மலிவாத் தெரியும், வேலை நாள்ல காலை 7 மணியில இருந்து சாயங்காலம் 7 வரைக்கும் எடுக்கணும்னா அன்னைக்கு 20 வெள்ளி கட்டி இ-டே லைசென்ஸ் வாங்கணும். ஆஃபீஸுக்கும் ஸ்கூலுக்கும் ஓட்டறவங்களுக்கு வேண்டாம். வார இறுதியில ஈசூன் கோயிலுக்கும் தேக்காவுக்கும் மட்டும் போறவங்களுக்கு சரி. ஜொகூர் போறதா இருந்தா கிளம்பும்போது முக்கால் டேங்க் பெட்ரோல் இருக்கணும்ங்கிற விதி, மலேசியாவோட வண்டி நுழைவு அனுமதியான விஇபி ரெண்டையும் பார்த்துக்குங்க, 2025 ஜூலையில இருந்து விஇபி இல்லாம போனா 300 ரிங்கிட் அபராதம்.

வாங்கறதுக்கு முன்னாடி விற்கிறவருக்குச் சம்பந்தம் இல்லாத ஒர்க்‌ஷாப்ல காட்டுங்க, சின் மிங், காக்கி புக்கிட் பக்கம் நிறைய இருக்கு. வர மாட்டேன்னு சொல்ற டீலர் வேண்டாம். டீலர்கிட்ட வாங்கின பழைய காருக்கும் 2012ல வந்த லெமன் சட்டம், அதாவது குறையுள்ள பொருளை வித்தா வாங்கினவருக்குப் பாதுகாப்பு தர்ற சட்டம், செல்லும், ஆறு மாசத்துக்குள்ள தெரிய வர்ற குறைக்கு. தனி ஆள்கிட்ட வாங்கினா அந்தப் பாதுகாப்பு இல்ல. ஏமாத்தினாங்கன்னா கேஸ் (CASE) என்கிற நுகர்வோர் சங்கம் இருக்கு, சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துல 20,000 வெள்ளி வரைக்கும் ரெண்டு வருஷத்துக்குள்ள கேட்கலாம். தம்பி போய்ப் பார்த்தார், கையில ஒரு துண்டு காகிதம் இல்ல, சேல்ஸ்மேன் சொன்னது காத்துல போன பேச்சு, ரெண்டு வருஷமும் தாண்டியிருச்சு.

அக்ரிமென்ட்ல எழுத வைக்க வேண்டியது: சிஓஇ காலம் எத்தனை வருஷம், திரும்பப் புதுப்பிக்க முடியுமா முடியாதா, மினிமம் பாரஃப் எவ்வளவு, பழைய லோன் பாக்கி யார் அடைப்பாங்க, லோன் கிடைக்கலேன்னா டெபாசிட் திரும்ப வருமா. எழுத மாட்டேங்கிறாங்கன்னா அவங்க வாயால சொன்னதை அன்னைக்கே வாட்ஸ்அப்ல "நீங்க இப்படிச் சொன்னீங்க, சரிதானே"ன்னு அனுப்பி பதில் வாங்குங்க. பதில் வர்ற வரைக்கும் டெபாசிட் பணத்தைக் குடுக்காதீங்க.