பலாச்சுளை யாருக்கெல்லாம்? நான்கு வயதுக் குழந்தைகளோடு ஒரு குடும்பக் கதை

“உன் குடும்பத்தை வரை” என்று நேரடியாகக் கேட்டால் அப்பா, அம்மா, அண்ணன், பாப்பா என்று வகுப்புச் சுவரில் ஒட்டியிருக்கும் படமே தாளில் வந்து நிற்கும். தினமும் சோறூட்டும் அப்பத்தா அதில் இருக்க மாட்டார். அதனால் கதையிலிருந்து தொடங்குங்கள்.

“செல்லி பெரிய பலாப்பழம் ஒண்ணைத் தூக்க முடியாம உருட்டிக்கிட்டே வீட்டுக்கு வந்தா. அறுத்துப் பார்த்தா உள்ளே நிறைய சுளை! முதல் சுளை யாருக்கு?” இங்கே நிறுத்திவிட்டு, “உங்க வீட்ல யார் யாருக்குக் கொடுப்பே?” என்று கேளுங்கள். மாம்பழம் என்றால் நாலு துண்டில் தீர்ந்துவிடும். யாரை விடுவது என்று குழந்தை தவிக்கும். பலாவில் எல்லோருக்கும் சுளை உண்டு. ஆட்டுக்குட்டியையும் சேர்த்தால் அதற்குத் தோல் இருக்கிறது.

ஒரு வட்டத்துக்கு ஆறு பேர் போதும். பன்னிரண்டு பேர் உட்கார்ந்தால் முதல் பிள்ளை சொன்ன பட்டியலையே மற்றவர்களும் ஒப்பிப்பார்கள். கதை ஏழெட்டு நிமிடத்தைத் தாண்ட வேண்டாம்.

கதை முடிந்ததும் ஒரு சார்ட் தாளை நான்காக வெட்டி ஆளுக்கு ஒன்று கொடுத்து, சுளை கொடுத்தவர்களையெல்லாம் வரையச் சொல்லுங்கள். தடித்த கிரேயான் நல்லது. சுளைக்கு மஞ்சள் எல்லோருக்கும் வேண்டும். அழிரப்பர் தராதீர்கள், அழித்து அழித்தே தாள் கிழிந்துவிடும். பலகையில் மாதிரி வரைந்து காட்டினால் எல்லாத் தாளிலும் உங்கள் படமே வரும். தலையிலிருந்தே கால் முளைத்த உருவங்கள் வந்தால் திருத்த வேண்டாம். இந்த வயதில் அப்படித்தான் வரைவார்கள். யாரைப் பெரிதாக, யாரைச் சிறிதாக வரைந்திருக்கிறார்கள் என்று பார்த்து வீட்டு நிலவரத்தைக் கணிக்கவும் கூடாது.

வரைந்து முடித்ததும் “இது யாரு?” என்று கேட்டு, குழந்தை சொன்ன சொல்லையே படத்துக்குக் கீழே எழுதுங்கள். பலரும் சறுக்குவது இங்கேதான். அம்மாச்சி, அமுச்சி, ஆச்சி, அம்மம்மா, உம்மம்மா எல்லாவற்றையும் ‘பாட்டி’ என்று மாற்றி எழுதினால், தன் வீட்டுச் சொல் தவறு என்று குழந்தை நினைத்துக்கொள்ளும். ‘ஆன்ட்டி’ என்று எழுதினால் இழப்பு இன்னும் அதிகம்: அத்தை அப்பாவின் உடன்பிறந்தவர், சித்தி அம்மாவின் தங்கை என்ற வேறுபாடே மறைந்துவிடும். சித்தப்பாவின் மனைவியும் சித்திதான். ஒரே தாளில் இரண்டு சித்தி வந்தால், “இவங்க அம்மாவோட தங்கச்சியா, சித்தப்பாவோட மனைவியா?” என்று கேளுங்கள், உறவுமுறைப் பாடம் அங்கேயே தொடங்கிவிடும்.

அப்பா துபாயில் இருக்கிறார் என்றால் அவருக்கும் ஒரு சுளை எடுத்து வைக்கச் சொல்லலாம். இறந்துபோன தாத்தாவை வரைந்தால் பேச்சை மாற்றாதீர்கள், “தாத்தாவுக்கு என்ன பிடிக்கும்?” என்று கேளுங்கள். அப்பாவே படத்தில் இல்லையென்றால் “அப்பா எங்கே?” என்று கேட்கவே கூடாது. “ஐயோ பாவம்” என்ற சொல்லும் வகுப்பில் வேண்டாம். விடுதியில் வளரும் குழந்தை சமையல்கார அக்காவை வரைந்தால், அவர் பெயரையும் அதே அளவு எழுத்தில் எழுதுங்கள்.

படங்களைக் குழந்தையின் கண் உயரத்தில், தரையிலிருந்து சுமார் மூன்றடியில் ஒட்டுங்கள். மறுநாள் யாராவது ஓடிவந்து, “மாமாவை விட்டுட்டேன்” என்பார்கள். கிரேயானை அருகிலேயே வையுங்கள்.